வேன் போகாத ஊர்

சிவகாசிப் பக்கம், நாரணாபுரத்துக்குச் சாலை பிரியும் விலக்கில் நான் ஒரு ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். ஜெராக்ஸ் என்பது போர்டில் இருக்கும் பெயர்தான். கரண்ட் பில் கட்டுவது, ஆதாரில் செல் நம்பர் மாற்றுவது, ரயில் டிக்கெட் போடுவது, சம்பளப் பணத்தை வங்கிக் கணக்கில் ஏற்றுவது என்று எல்லாமே நடக்கும். சனிக்கிழமை சாயங்காலம் பட்டாசுக் கம்பெனி வேன்கள் வந்து நின்றால் கடை வாசலில் கால் வைக்க இடம் இருக்காது. அன்றுதான் வாரச் சம்பளம்.

போன வருடத் தீபாவளிக்கு முந்தின சனிக்கிழமை, கூட்டமெல்லாம் வடிந்த பிறகு, நாகஜோதி அக்கா வந்து ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். இருபது வருடமாகப் பட்டாசுக் கிஃப்ட் பாக்ஸ் அடுக்கும் வேலை அவருக்கு. முப்பத்தைந்து அயிட்டத்தை ஓர் அட்டைப் பெட்டிக்குள் இடுக்கு விழாமல் வைத்து மூட வேண்டும். எது அடியில், எது குறுக்கே, எது மேலே என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வார். ஊர்ப் பெண்களைச் சுற்றுலா கூட்டிப் போவதும் அவர்தான். வருடத்துக்கு ஒரு தடவை, கம்பெனி லீவில், ஒரு வேன். பழனி, ராமேஸ்வரம், கொடைக்கானல், ஒருமுறை திருப்பதி வரைக்கும். டீசல் எவ்வளவு, டிரைவர் படி எவ்வளவு, எந்த ஊரில் எந்தக் கடையில் சாப்பாடு மலிவு என்பதெல்லாம் அவர் நோட்டில் இருக்கும். திரும்பி வந்ததும் மிச்சத்தை ஆளுக்கு ஆறு ரூபாய் என்றாலும் பிரித்துக் கொடுத்துவிடுவார்.

"ஏ ஆர்த்தி, மலேசியாவுக்கு வேன் போகாதுல்ல?" என்றார்.

"நடுவுல கடல் இருக்கேக்கா."

"அதான் கேட்டேன். வேன் போற ஊரெல்லாம் போயாச்சு. இனி வேன் போகாத ஊரு ஒண்ணு பாக்கணும். பத்துமலை முருகன் இருக்காராம்ல அங்கன. விசாவும் வேண்டாமாம், கம்பெனில ஒரு பிள்ளை சொல்லுச்சு. எம்புட்டு ஆகும், பாரு."

பார்த்தேன். திருச்சியிலிருந்து கோலாலம்பூருக்கு நேரே விமானம் இருந்தது. தள்ளுபடி போடும் சமயத்தில் பிடித்தால் போகவர பன்னிரண்டாயிரத்துச் சொச்சம். மற்றதையும் கூட்டினால், நான்கு ராத்திரி தங்கி, சிக்கனமாகச் சுற்றி வர, ஆளுக்கு இருபத்தைந்தாயிரம் என்றேன். பயந்து எழுந்து போய்விடுவார் என்றுதான் நினைத்தேன். அவர் விரல் மடக்கிக் கணக்குப் போட்டார்.

"வாரம் ஐநூறு. அம்பது வாரம். அடுத்த தீபாவளிக்குச் சரியா வந்துரும். கம்பெனி பூட்டிக் கெடக்குற வாரத்துக்கு போனஸ்ல எடுத்துக்கிருவோம்."

அடுத்த சனிக்கிழமைக்குள் பத்துப் பேர் சேர்ந்துவிட்டார்கள்.

பத்தாவது ஆளாகச் சேர்ந்தவர்தான் பத்திரகாளி அக்கா. அதில் எனக்கே ஆச்சரியம். நாகஜோதி அக்காவும் அவரும் நான்கு வருடமாகப் பேச்சுவார்த்தை இல்லாதவர்கள். குற்றாலம் போய்விட்டுத் திரும்பும்போது, பத்திரகாளி அக்கா நேந்திரங்காய்ச் சிப்ஸ் வாங்கப் போயிருக்கிறார். நாகஜோதி அக்கா தலையை எண்ணியபோது டிரைவரோடு வந்த சொந்தக்காரப் பெண்ணையும் சேர்த்து எண்ணிவிட்டார். கணக்குச் சரியாக இருந்தது, வேன் கிளம்பிவிட்டது. ராஜபாளையத்தில் டீ குடிக்க இறங்கியபோதுதான் ஆள் குறைவது தெரிந்திருக்கிறது. வேனைத் திருப்பிக்கொண்டு போய்த் தேடினார்கள். அதற்குள் பத்திரகாளி அக்கா, ஈரச் சேலையோடு, செல்லில் சார்ஜும் இல்லாமல், மூன்று பஸ் மாறி வீடு வந்து சேர்ந்துவிட்டார். "விட்டுட்டுப் போயிட்டா" என்பது பத்திரகாளி அக்காவின் பேச்சு. "ரெண்டு மணி நேரம் தேடினேனே, அதைச் சொல்றாகளா?" என்பது நாகஜோதி அக்காவின் பேச்சு. இருவரும் இதை ஊரில் எல்லோரிடமும் சொன்னார்கள், ஒருவரிடம் ஒருவரைத் தவிர.

ஆகவே பத்திரகாளி அக்கா தன் ஐநூறு ரூபாயை, பத்துப் பேரில் ஒருவரான மாரித்தாயிடம் கொடுப்பார். மாரித்தாய் அதை நாகஜோதி அக்காவிடம் கொடுப்பார். அவர் வாங்கி, பெயருக்கு நேரே டிக் அடித்து, என்னிடம் தந்து கணக்கில் போடச் சொல்வார். பல மாதம் இப்படியே ஓடியது.

பாஸ்போர்ட் எடுக்கும் கட்டம் வந்தபோது பத்து ஆறாகக் குறைந்தது. ஒருவர் வீட்டில் மகனுக்குக் காலேஜ் பீஸ் கட்ட வேண்டியிருந்தது. ஒருவருக்குப் பேரனின் காதுகுத்து. கீர்த்திகா உண்டாகியிருந்தாள்; அவள் பணத்தைத் திருப்பிக் கொடுக்கும்போது நாகஜோதி அக்கா அதற்கு மேல் நூறு ரூபாயும் ஒரு முழம் பூவும் வைத்துக் கொடுத்தார். ஜூன் மாதம் தள்ளுபடி அறிவிப்பு வந்தது, உடனே டிக்கெட் போட வேண்டும் என்று நான் போன் செய்தேன். இப்போது போட்டால் திரும்பப் பெற முடியாது என்ற சொல்லைக் கேட்டதும் இன்னும் மூன்று பேர் கழன்றுகொண்டார்கள். மறுநாள் மாரித்தாய் வந்து கண் கலங்க நின்றார். அவர் வீட்டுக்காரர் கடைசி நேரத்தில் முடியாது என்று சொல்லிவிட்டாராம்.

"அதுக்கு ஏன் அழுகுறே? உன் பணம் பைசா குறையாம இருக்கு" என்று சொல்லி நாகஜோதி அக்கா அவரை அனுப்பிவைத்தார். பிறகு நோட்டைத் திறந்து பெயர்களைப் பார்த்தார். எட்டுப் பெயர் அடித்திருந்தது. மிச்சம் அவர் பெயரும் பத்திரகாளி பெயரும்.

"நல்லா வந்து மாட்டுனேன்" என்றார்.

அன்று சாயங்காலமே பத்திரகாளி அக்கா கடைக்கு வந்தார். விஸ்வநத்தத்தில் ஒரு கம்பெனியில் வேலை பார்ப்பவர், ஐம்பத்திரண்டு வயது, புருஷன் இல்லை. மகளைக் கட்டிக் கொடுத்துவிட்டுத் தனியாக இருக்கிறார். நாகஜோதி அக்கா ஒரு பக்கம் ஸ்டூலில், இவர் ஒரு பக்கம் பெஞ்சில். இருவரும் என்னையே பார்த்தார்கள்.

"ஆர்த்தி, அவுகட்ட கேளு, வாறாகளா, பணத்தை வாங்கிக்கிறாகளான்னு" என்றார் நாகஜோதி அக்கா.

"ஆர்த்தி, நான் பாஸ்போட்டு எடுத்து வச்சிருக்கேன்னு சொல்லு. போலீஸ்காரர் விசாரிக்க வந்தப்ப தெருவே கூடி நின்னுச்சு. எங்க போறேன்னு அம்புட்டுப் பேரும் கேட்டாக. மலேசியான்னு சொல்லிட்டேன். இனிப் போகலைன்னா நான் எப்படித் தெருவுல நடமாட?"

"ரெண்டே பேருதான்னு சொல்லு."

"எனக்குக் கண்ணு தெரியுதுன்னு சொல்லு."

மூன்றடித் தூரத்தில் உட்கார்ந்திருந்த இரண்டு பேருக்கு நடுவில் நான் தபால்காரி வேலை பார்த்தேன். கடைசியில் இரண்டு டிக்கெட் என்று முடிவானது.

அதிலும் ஒரு சிக்கல். நாகஜோதி அக்காவின் பாஸ்போர்ட்டில் புருஷன் பெயர் கருத்தப்பாண்டி கடைசிப் பெயராக ஏறியிருந்தது. பத்திரகாளி அக்காவுடையதில் பத்திரகாளி என்ற ஒரே பெயர்தான். கடைசிப் பெயர் இருக்க வேண்டிய இடம் வெறுமையாக இருந்தது. விமானக் கம்பெனியின் இணையப் பக்கமோ இரண்டு கட்டத்தையும் நிரப்பாமல் நகராது. அவர்களின் உதவி எண்ணுக்குப் போன் போட்டு, அரை மணி நேரம் பாட்டுக் கேட்டுக் காத்திருந்த பிறகு ஒரு பெண் எடுத்துச் சொன்னாள், ஒற்றைப் பெயர்க்காரர்கள் அதே பெயரை இரண்டு கட்டத்திலும் போட வேண்டுமாம். டிக்கெட்டில் 'பத்திரகாளி பத்திரகாளி' என்று வந்தது.

அதைப் பார்த்து நாகஜோதி அக்கா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். "ஒண்ணையே சமாளிக்க முடியலை" என்று என் காதில் சொன்னார். பத்திரகாளி அக்காவுக்கும் கேட்டிருக்கும்.

பத்துப் பேருக்குப் போட்ட கணக்கு இரண்டு பேருக்குப் பொருந்தவில்லை. திருச்சிக்கு வேன் என்பது பஸ் ஆனது. அறுபது பக்க நோட்டில் புதிதாக ஒரு பக்கம் எழுதினார் நாகஜோதி அக்கா. டிக்கெட் ஆளுக்குப் பன்னிரண்டாயிரத்து முந்நூற்றைம்பது. அறை நான்கு ராத்திரிக்கும் சேர்த்து எண்ணாயிரத்து எண்ணூறு, அதில் பாதி. பாஸ்போர்ட் ஆயிரத்து ஐநூறு. அங்கே ரயில், பஸ், மலாக்கா என்ற ஊருக்கு ஒரு நாள் போய்வரும் செலவு. சாப்பாட்டுக்கு மட்டும் தலைக்கு ஒரு நாளைக்கு மலேசியப் பணத்தில் முப்பது ரிங்கிட் என்று எழுதி, பக்கத்தில் 'பருப்புப்பொடி, எள்ளுப்பொடி, ஊறுகாய் கொண்டு போகணும்' என்று குறித்தார். எல்லாம் போக ஆயிரத்து நானூற்றைம்பது மிச்சம். அதை 'கைச் சேமம்' என்று எழுதி இரண்டு கோடு போட்டார்.

அறை தேடும்போது என்னை அவர் படுத்திய பாடு கொஞ்சமில்லை. படத்தில் மெத்தை அழகாக இருந்தால் நான் நிறுத்துவேன். அவர் கீழே எழுதியிருப்பதைப் படிக்கச் சொல்வார். வந்து தங்கினவர்கள் எழுதியதில் நல்லதை விட்டுவிட்டுத் திட்டினதை மட்டும் தமிழில் சொல்லச் சொல்வார். "சுடுதண்ணி வரலைன்னு எழுதியிருக்கா? அது பரவால்ல. பூட்டு சரியில்லைன்னு இருக்கா? அது வேண்டாம்." இருபத்திமூன்று விடுதியைத் தள்ளிவிட்டு, இருபத்திநான்காவதை எடுத்தார். ரயிலடியிலிருந்து ஆறு நிமிட நடை, கீழேயே நம்ம ஆள் இட்லிக் கடை.

விமானத்தில் ஆளுக்கு ஒரு பை, ஏழு கிலோதான். அதைவிட அவர் கண்டிப்பாக இருந்தது வேறு ஒன்றில்.

"கம்பெனிக்கு ஒரு நா கட்டுன சீலைகூடப் பைக்குள்ள வரக் கூடாது. வெடிமருந்து ஒட்டியிருக்கும். ஏர்போட்டுல துணி வச்சுத் தடவிப் பாக்குற மெசினு இருக்காம். அது கத்துச்சுன்னா நாம அங்கனயே நிக்க வேண்டியதுதான்." இதையும் என்னைப் பார்த்துத்தான் சொன்னார். மறுநாள் பத்திரகாளி அக்கா சிவகாசி பஜாரில் புதுப் பை, புதுச் செருப்பு, புதுத் துண்டு வாங்கிக்கொண்டு வந்து என் மேஜையில் வைத்து, "பாத்துக்கிடச் சொல்லு" என்றார்.

தீபாவளி முடிந்தது. கம்பெனிகள் பூட்டின. நவம்பர் பன்னிரண்டு, புதன்கிழமை பயணம். அன்று மத்தியானம் கிளம்பி, சாயங்காலம் திருச்சி சேர்ந்து, ராத்திரி விமானம் ஏறுவதாக ஏற்பாடு. திருச்சி பஸ்ஸுக்கும் டிக்கெட் போட்டாயிற்று. புதன் மத்தியானம் இரண்டு மணி வண்டி.

முந்தின சனிக்கிழமை பத்திரகாளி அக்கா தனியாகக் கடைக்கு வந்தார். கையில் விமான டிக்கெட் காகிதம். மடித்து மடித்து மடிப்பு வெளுத்திருந்தது.

"ஆர்த்தி, இதுல சைபர் சைபர் இருபத்தஞ்சுன்னு போட்டிருக்கே. சைபர் மணின்னா எது?"

"ராத்திரி பன்னெண்டு இருபத்தஞ்சுக்கா."

"புதன்கிழமை ராத்திரியா?"

"ஆமா, பன்னெண்டாந் தேதி..." என்று ஆரம்பித்தவள் காகிதத்தை வாங்கி மறுபடி பார்த்தேன். பன்னிரண்டாம் தேதி பிறந்து இருபத்தைந்தாவது நிமிடம் அது. செவ்வாய்க்கிழமை ராத்திரி. புதன் மத்தியானம் இவர்கள் பஸ் ஏறும்போது விமானம் மலேசியா போய்ச் சேர்ந்து பல மணி நேரம் ஆகியிருக்கும்.

"எனக்கு நாலு நாளா உறக்கமில்ல" என்றார் அவர். "தினமும் எடுத்து எடுத்துப் பாப்பேன். எத்தனை மணி, எந்த நாளுன்னு. என்னமோ இடிச்சுக்கிட்டே இருந்துச்சு."

நாகஜோதி அக்காவுக்குப் போன் போட்டேன். வந்தார். காகிதத்தை வாங்கிப் பார்த்தார். நான் என் தப்புதான், நான்தான் கவனித்திருக்க வேண்டும் என்று சொல்லிக்கொண்டே இருந்தேன். அவர் காதில் விழவில்லை. நோட்டைத் திறந்தார். 'புதன் ம. 2, பஸ்' என்று தன் கையால் எழுதியிருந்ததையே பார்த்துக்கொண்டிருந்தார். ஐம்பது வாரப் பணம். இருபது வருடமாக ஒரு டிரைவரையும் ஐந்து நிமிடம் காக்க வைக்காத மனுஷி.

பிறகு மெல்ல எழுந்து, என்னைத் தாண்டிப் போய், பெஞ்சில் பத்திரகாளி அக்காவின் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"யக்கா" என்றார். நான்கு வருடத்தில் முதல் சொல். "குத்தாலத்துலயும் நான் இப்படித்தான் எண்ணிட்டேன். எண்ணிக்கை சரியா வந்துச்சு, அதோட விட்டுட்டேன். ஆளு இருக்கான்னு பாக்கலை. தேடுனதைத்தான் ஊரெல்லாம் சொல்லிக்கிட்டு இருந்தேன். விட்டுட்டு வந்தேன்னு ஒரு நாளும் உங்ககிட்ட வந்து சொல்லலை."

பத்திரகாளி அக்கா சேலைத் தலைப்பை விரலில் சுற்றிக்கொண்டிருந்தார். அதை விட்டுவிட்டு, "நீ தேடுனது எனக்கு அன்னைக்கே தெரியும். மாரித்தாய் சொல்லிட்டா. வீம்புக்கு இருந்தேன்" என்றார். அப்புறம், "சரி, பஸ்ஸை மாத்தச் சொல்லு. அந்தப் பிள்ளை பாவம், மூஞ்சி செத்துப் போய் நிக்குது" என்று என்னைக் காட்டினார்.

பஸ் டிக்கெட்டைச் செவ்வாய்க்கு மாற்றினேன். மாற்றும் செலவு இருநூற்றுப் பத்து ரூபாயை என் பணத்தில் போட்டுக்கொள்கிறேன் என்றேன். நாகஜோதி அக்கா ஒத்துக்கொள்ளவில்லை. கைச் சேமத்தில் கழித்து எழுதினார். மலேசியாவுக்குள் நுழைய இணையத்தில் நிரப்ப வேண்டிய வருகைப் படிவத்தையும் அன்றுதான் பார்த்தோம். வந்து இறங்கும் நாளுக்கு முந்தின மூன்று நாளைக்குள் நிரப்ப வேண்டும் என்றிருந்தது. மறுநாள் இருவரும் சேர்ந்தே வந்தார்கள். பத்திரகாளி அக்காவுக்கு ஓர் ஈமெயில் முகவரி உண்டாக்கினேன். அதன் பாஸ்வேர்டு என்ன வைக்கலாம் என்று கேட்டேன். நாகஜோதி அக்காவின் காதில் ரகசியமாகச் சொன்னார். அவர் சிரித்துக்கொண்டே எனக்குச் சொன்னார். அது என்னவென்று நான் யாருக்கும் சொல்லக் கூடாது.

செவ்வாய்க்கிழமை மத்தியானம் பஸ் ஸ்டாண்டுக்கு நானும் போயிருந்தேன். நாகஜோதி அக்காவின் வீட்டுக்காரர் கருத்தப்பாண்டி அண்ணன், மக்காச்சோளத்துக்கு உரம் வைத்துவிட்டுக் கையைக்கூடச் சரியாகக் கழுவாமல் வந்திருந்தார். மலேசியாவுக்கு அவரையும் கூப்பிட்டபோது, "எனக்குக் கிணத்தை எட்டிப் பாத்தாலே தலை சுத்தும். நீ போயிட்டு வா, ஆட்டை நான் பாத்துக்கிறேன்" என்றவர். பஸ் கிளம்பும்போது வழியனுப்ப நின்றவர் திடீரென்று படியில் ஏறிவிட்டார்.

"ஏங்க, எங்க வாறீக?"

"திருச்சி வரைக்கும். சும்மா."

திருச்சி விமான நிலையத்துக்கு வெளியே, இவர்கள் உள்ளே போன பிறகும், ராத்திரி ஒரு மணி வரைக்கும் நின்று, விளக்கு மினுக்கிக்கொண்டு ஒன்று மேலே போனதைப் பார்த்துவிட்டுத்தான் பஸ் ஸ்டாண்டுக்கு வந்தாராம். அது அவர்கள் போன விமானம்தானா என்பது அவருக்கே தெரியாது.

நான்கு நாளும் எனக்கு வாட்ஸப்பில் குரல் செய்தி வந்துகொண்டே இருந்தது. திருச்சியில் அந்தத் தடவிப் பார்க்கும் மெஷின் கத்தவில்லை. விடுதியில் வெளிநாட்டுக்காரர்களுக்கு அறைக்கு ஒரு நாளைக்குப் பத்து ரிங்கிட் வரி என்றார்களாம். நான் அதைக் கணக்கில் சொல்லாமல் விட்டிருந்தேன். நாற்பது ரிங்கிட், எண்ணூறு ரூபாய். அதை ஈடுகட்ட, இரட்டைக் கோபுரத்தில் மேலே ஏறுவதை விட்டுவிட்டு, எதிரே இருந்த பூங்காவில் உட்கார்ந்து கீழே இருந்தே பார்த்தார்கள். "கழுத்துதான் வலிச்சுது. துட்டுக் கேக்கலை" என்றார் பத்திரகாளி அக்கா. பத்துமலைப் படியில் பாதியில் நாகஜோதி அக்காவுக்கு மூச்சு வாங்கி உட்கார்ந்துவிட்டார். ஒரு குரங்கு வந்து எள்ளுப்பொடி டப்பாவைத் தூக்கிக்கொண்டு போனது. அந்தச் செய்தியில் இருவரும் சிரிக்கிற சத்தம்தான் அதிகம், பேச்சு ஒன்றும் புரியவில்லை.

திரும்பி வந்த மறுநாள் கடைக்கு வந்து நோட்டை முடித்தார்கள். மிச்சம் ஆளுக்கு அறுநூற்று எழுபது ரூபாய். எனக்கு அந்த ஊரில் பேர்போன வெள்ளைக் காப்பிப் பொடி ஒரு பாக்கெட். மாரித்தாய்க்கும் கீர்த்திகாவுக்கும் வாசலில் மாட்டும் சின்ன மணி ஒன்று.

"அக்கா, அங்கன எது ரொம்பப் பிடிச்சுது?" என்று கேட்டேன். முருகனைச் சொல்வார், விமானத்தைச் சொல்வார் என்று பார்த்தேன்.

நாகஜோதி அக்கா யோசித்தார். "மலாக்கா போன பஸ்ஸு" என்றார். "ரெண்டு மணி நேரம். ரோடு வெண்ணெ மாதிரி. எத்தனை தடவை ஊரு சுத்தியிருக்கேன். ஒரு தடவைகூட வண்டியில உறங்குனது இல்ல. டிரைவர் கண்ணைச் சொக்குறானா, யாருக்கு வாந்தி வருது, எந்த விலக்குல திரும்பணும், இதே நெனப்பாத்தான் இருக்கும். அன்னைக்கு இவுக பையையும் டிக்கெட்டையும் மடியில வாங்கி வச்சுக்கிட்டு, நீ உறங்கு, எறங்க வேண்டிய எடத்துல எழுப்புறேன்னாக. அம்புட்டுத்தான் தெரியும். எச்சி ஒழுக உறங்கிட்டேன்."

"குறட்டை வேற" என்றார் பத்திரகாளி அக்கா. "முன் சீட்டுல இருந்த சீனாக்கார அம்மா ரெண்டு தரம் திரும்பிப் பாத்துச்சு. நான் என்ன செய்ய? பாத்துச் சிரிச்சு வச்சேன்."

வெளியே வேன் ஹாரன் அடித்தது. கம்பெனி திறக்கிற பூஜைக்கு ஆள் ஏற்றிப் போக வந்திருந்தது. நாகஜோதி அக்கா நோட்டை மூடி, இடுப்பில் செருகிக்கொண்டு ஓடினார். பத்திரகாளி அக்கா விஸ்வநத்தம் பஸ்ஸுக்கு எதிர்ப்பக்கம் நடந்தார்.